எட்டு கிலோபைட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

'ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்' தொடரில் முதல் மூன்று பகுதிகள் பார்த்தேன். 1983, டெக்சாஸ். ஐ.பி.எம்.மிலிருந்து விலகி வந்த ஜோ மெக்மில்லன், கார்டிஃப் எலெக்ட்ரிக்கில் வேலை பார்க்கும் கோர்டன் கிளார்க்கைச் சேர்த்துக்கொண்டு அதைப் போலவே ஒன்றைச் செய்வதற்காக ஒரு ஐ.பி.எம். பி.சி.யைப் பிரிக்கிறார். பயாஸ் (கணினி கிளம்பியதும் முதலில் ஓடும் அடிப்படை புரோகிராம்) இருக்கும் ரோம் சிப்பில் (படிக்க மட்டுமே முடிகிற நினைவகம்) சின்ன விளக்குகளைப் பொருத்தி, ஒருவர் படித்துச் சொல்ல மற்றவர் எழுதுகிறார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. ஆனால் என் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், "அந்த புரோகிராமை ஐ.பி.எம்.மே புத்தகமாகப் போட்டு விற்றதே, இவர்கள் எதற்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்?" என்று சிரித்தார். உண்மையா? அப்படியென்றால் அந்தக் காட்சியே வீண்தானே? கேமரன் என்கிற கல்லூரிப் பெண் தனியாளாக ஒரு பயாஸ் எழுதிவிட முடியுமா? தலைப்பிலுள்ள கட்டளை நிஜமாகவே இருந்ததா? தொடரை மேலே பார்க்கலாமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மூத்தவர் சொன்னது சரி. ஐ.பி.எம். பி.சி. 1981 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அதற்கென்று 'டெக்னிகல் ரெஃபரன்ஸ்' என்றொரு கையேட்டையும் விற்றார்கள். போர்டின் சர்க்யூட் படங்கள் அதில் உண்டு. பின்னிணைப்பில் பயாஸின் அசெம்பிளி (மனிதர் படிக்கும்படி எழுதிய பிராசசர் கட்டளைகள்) நிரல் மொத்தமும் உண்டு, எந்த வரி எதற்கு என்ற குறிப்போடு. விளக்கை வைத்துப் படித்தால் வெறும் எண்கள்தான் மிஞ்சும். புத்தகத்தில் விளக்கவுரையே இருந்தது. புத்தகம் கைக்கு வராவிட்டாலும் டாஸ் இயங்குதளத்தோடு வந்த 'டிபக்' என்ற கருவி போதும். 'டி' என்று தட்டினால் பைட்டுகளைக் காட்டும், 'யூ' என்று தட்டினால் அவற்றை அசெம்பிளியாக்கிக் காட்டும். பிராசசர் எட்டக்கூடிய ஒரு மெகாபைட் முகவரி வெளியின் கடைசி 16 பைட்டைப் பாருங்கள். முதல் ஐந்து பைட், பயாஸின் தொடக்கத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளை. 8088 பிராசசர் மின்சாரம் வந்ததும் முதலில் தேடிப் போகிற இடம் அதுதான். அடுத்த எட்டு பைட்டில் பயாஸின் தேதி எழுத்தாகவே இருக்கும்: 10/27/82 என்பது போல.

சரி, சிப்பைப் பிடுங்கித்தான் தீருவேன் என்றால்? முதலில் எந்தச் சிப் என்று தெரிய வேண்டும். மதர்போர்டில் ஐந்து ரோம்கள். நான்கு பேசிக் மொழிக்கு, ஒன்று பயாஸுக்கு. ஐந்தும் சாக்கெட்டில் இருப்பவை, கவனமாக நெம்பினால் வந்துவிடும். பயாஸ் சிப்புக்கு 24 கால்கள்: முகவரிக்கு 13, தரவுக்கு 8, மின்சாரம், கிரவுண்ட், சிப்பை இயக்க ஒன்று. முகவரிக் கால்களில் 13 சுவிட்ச், தரவுக் கால்களில் 8 எல்.ஈ.டி. எல்.ஈ.டி.யை நேராகக் காலில் மாட்டினால் சிப்பால் அத்தனை மின்னோட்டத்தைத் தாங்க முடியாது. நடுவில் ஒரு பஃபர் சிப்பும் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு ரெசிஸ்டரும் வேண்டும். அந்தக் காலத்து ரோம்களில் சில, இயக்கும் காலை ஒருமுறை தட்டினால்தான் புது முகவரியை ஏற்கும். அதை மறந்து சுவிட்சை மட்டும் மாற்றினால் பழைய பைட்டே திரும்பத் திரும்ப எரிந்துகொண்டிருக்கும்.

பயாஸ் மொத்தம் எட்டு கிலோபைட்: 8192 பைட், அதாவது 65,536 பிட். ஒரு பைட்டுக்கு ஐந்து விநாடி என்று வைத்தாலும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காபிக்கும் சண்டைக்கும் தனிக் கணக்கு. இதில் எங்கே சறுக்கும் தெரியுமா? 8088இன் கட்டளைகள் ஒரே நீளம் கிடையாது. ஒன்று ஒரு பைட், இன்னொன்று ஆறு. நடுவில் ஒரு பைட் விட்டுப்போனால் அங்கிருந்து சில கட்டளைகள் வேறு அர்த்தத்தில் படிக்கப்படும், தாவல்கள் தவறான இடத்தில் போய் விழும். எழுதியது சரியா என்று பார்க்க ஐ.பி.எம்.மே ஒரு வழி வைத்திருந்தது. பி.சி. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பயாஸின் எல்லா பைட்டையும் கூட்டிப் பார்க்கும், கடைசி எட்டு பிட் பூஜ்யமாக வர வேண்டும். நோட்டில் எழுதியதையும் அப்படியே கூட்டிப் பார்த்துவிடலாம். ஆனால் இரண்டு பைட் இடம் மாறியிருந்தால் இந்தக் கூட்டல் காட்டிக்கொடுக்காது.

ஆக, தொழில்நுட்பமாகப் பார்த்தால் காட்சி வீண்தான். அதனால் கதை வீணாகிவிடவில்லை. கோர்டன் அந்த பைட்டுகளைப் படித்த கணத்தில் சட்டத்தின் கண்ணில் கறைபட்ட ஆள் ஆகிறார். அதற்குப் பிறகு அவர் எழுதும் எந்த பயாஸையும் ஐ.பி.எம். 'எங்களைப் பார்த்து எழுதியது' என்று சொல்ல முடியும். புத்தகத்தை வாங்கிப் படித்தவருக்கும் இதே கதிதான். வெளியிட்டார்கள், ஆனால் காப்புரிமையோடு வெளியிட்டார்கள். ரோமில் உறைந்திருக்கும் மெஷின் கோடுக்குக் காப்புரிமை உண்டா என்ற கேள்வியே அப்போது நீதிமன்றத்தில் ஊசலாடியது. ஆப்பிள், ஃபிராங்க்ளின் கம்ப்யூட்டர் மீது போட்ட வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983 ஆகஸ்டில் 'உண்டு' என்றது. அடுத்த ஆண்டே கொரோனா, ஈகிள் என்ற இரண்டு கணினி நிறுவனங்கள் மீதும் பயாஸை நகலெடுத்ததாக ஐ.பி.எம். வழக்குப் போட்டது. இரண்டும் சமரசத்துக்கு வந்தன.

தப்பிக்க இருந்த வழிதான் க்ளீன் ரூம். ஒரு குழு மூலநிரலைப் படித்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதும்: இந்த இன்டரப்ட் (பயாஸிடம் வேலை கேட்டு வரும் அழைப்பு) வந்தால், இந்த ரெஜிஸ்டரில் (பிராசசருக்குள் எண் வைக்கும் இடம்) இந்த எண் இருந்தால், இது நடக்க வேண்டும். எப்படிச் செய்கிறது என்று ஒரு வரி வரக்கூடாது. வழக்கறிஞர் பார்த்த பிறகே அது அடுத்த குழுவுக்குப் போகும். அந்தக் குழுவில் ஐ.பி.எம். நிரலைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இருக்கக்கூடாது. இரு குழுவும் பேசிக்கொள்ளக் கூடாது, கேள்வி பதில் எல்லாம் தாளில். ஃபீனிக்ஸ் நிறுவனம் 1984இல் கொண்டுவந்த பயாஸுக்கு, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 9900 பிராசசரில் பழகிய, இன்டெல் 8088ஐத் தொட்டே இராத ஒரு புரோகிராமரைத் தேடிப் பிடித்தார்கள். திறமையைவிட அறியாமைக்குச் சம்பளம் கொடுத்த அபூர்வமான வேலை! கேமரனைக் கொண்டுவருவதில் தொடர் இதைச் சரியாகவே பிடித்திருக்கிறது.

அவள் தனியாக எழுதிவிட முடியுமா? எட்டு கிலோபைட் அசெம்பிளி, கெட்டிக்காரர் ஒருவரால் ஆகாத காரியமில்லை. சோதித்து முடிப்பதுதான் ஒருத்தியால் ஆகாது. பல புரோகிராம்கள் முறைப்படி இன்டரப்ட் வழியே வராமல் பயாஸுக்குள் குறிப்பிட்ட முகவரிக்கே நேராகத் தாவின. ஆகவே குளோன், அதாவது நகல் இயந்திரத்தின், பயாஸிலும் அந்தந்த வாசல் அதே முகவரியில் இருக்க வேண்டும். உங்கள் நிரல் ஐ.பி.எம்.முடையதைவிடச் சுருக்கமாக இருந்தால் இடைவெளியை நிரப்ப வேண்டும், நீளமாகிவிட்டால் வாசலில் ஒரு தாவலை வைத்துவிட்டு மீதியை வேறெங்காவது தள்ள வேண்டும். ஹூஸ்டனில், ஐ.பி.எம். பி.சி.க்கு இணையான இயந்திரம் செய்த காம்பேக் நிறுவனம் இதற்குப் பதினைந்து புரோகிராமர்களையும் பல மாதங்களையும் சுமார் பத்து லட்சம் டாலரையும் செலவழித்ததாகச் சொல்வார்கள். லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் புரோகிராம், மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் என்ற விமான விளையாட்டு இரண்டும் ஓடினால்தான் குளோன் தேறியதாகக் கணக்கு. டாஸ் இருந்தும் இவை ஓடாத இயந்திரங்கள் சந்தையில் நிற்கவில்லை. திரையில் காட்ட முடியாத உழைப்பு இது. ஒரே புரோகிராமை நூறு முறை ஓட்டுவதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

தலைப்பைப் பற்றி: தொடக்க அட்டையில் கட்டளைகள் ஒன்றோடொன்று போட்டியிடும் என்று போடுகிறார்களே, அதை மறந்துவிடுங்கள். மோட்டரோலா 6800 பிராசசரில் ஆவணத்தில் இல்லாத இரண்டு கட்டளைகள், 9டி, டிடி. அவற்றுக்கு வைத்த செல்லப்பெயர்தான் 'ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்', நின்று தீப்பிடி என்று. கொடுத்தால் பிராசசர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முகவரிகளை வரிசையாக எண்ணிக்கொண்டே போகும். ரீசெட் ஒன்றே வழி. தீயெல்லாம் பிடிக்காது.

மேலே பாருங்கள். நானும் மூன்று பகுதிதான் தாண்டியிருக்கிறேன். ஜோ வாயைத் திறந்தால் விளம்பர வாசகமாகவே கொட்டுகிறது, அந்த வேடத்தில் நடிக்கும் லீ பேஸின் உடல்மொழி இல்லாவிட்டால் தாங்காது. கோர்டனும், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் வேலை பார்க்கும் அவர் மனைவி டோனாவும் வரும் காட்சிகள்தான் இதுவரை தேறியவை. காம்பேக்கை நிறுவிய மூவரும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிலிருந்து வந்தவர்கள். கதை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. அவர்களுடைய முதல் 'போர்ட்டபிள்' 28 பவுண்டு, பன்னிரண்டரை கிலோவுக்கு மேல். கார்டிஃப் குழு கையில் தூக்கிப்போகும் இயந்திரம் செய்யப்போகிறது. அந்த எடையை எதைக் கழற்றி, எதை நெருக்கி, யாருடைய பிடிவாதத்தை உடைத்துக் குறைக்கிறார்கள் என்பதற்காகவே அடுத்த பகுதிகளைப் பார்க்கப்போகிறேன்.

அன்புடன்