பொண்ணு டார்ட்ஸ் ஆடணுங்கறா, கவலையா இருக்குன்னு கேட்ட அக்காவுக்கு

அக்கா, பொண்ணு ஸ்கூலை விட்டுட்டு ஃபுல் டைம் டார்ட்ஸ் ஆடுறேங்கறான்னு நீங்க அனுப்புன பதினோரு நிமிஷ வாய்ஸ் மெசேஜை ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டாவது தடவைதான் கவனிச்சேன், நீங்க பேசப் பேச பின்னாடி டொக் டொக் டொக்னு மூணு மூணா ஒரு சத்தம் வந்துட்டே இருக்கு. நீங்க இந்த ரூம்ல அழுதுட்டு இருக்கீங்க, உங்க பொண்ணு அந்த ரூம்ல போர்டுல மூணு மூணு டார்ட்டா எறிஞ்சு ப்ராக்டிஸ் பண்ணிட்டு இருக்கா. சிரிப்பு வந்துருச்சு, கோச்சுக்காதீங்க.

நீங்க சொன்னதுல பாதி, ஊர்ல கேட்டா என்ன சொல்றதுங்கற கவலை. செஸ்ஸுன்னா ஸ்டேட்டஸ் போடுவோம், பேட்மிண்டன்னா காலைல 5 மணிக்கு எந்திரிச்சு கார் ஓட்டுவோம், டார்ட்ஸுன்னா மட்டும் "குடிக்கிற இடத்துல ஆடுறது"ன்னு மூஞ்சி சுருங்கிரும். அந்த பேச்சு முழுப் பொய்யின்னு சொல்ல மாட்டேன், பப்லதான் வளந்த ஆட்டம், இன்னிக்கும் பெரிய மேட்சுல கூட்டம் பீர் கப்போடதான் உக்காந்துருக்கும். ஆனா இங்க பிரிட்டன்ல ஸ்போர்ட் கவுன்சிலுங்க 2005லயே இதை முறையான ஸ்போர்ட்டுன்னு ஏத்துக்கிட்டாச்சு. 18க்கு கீழ உள்ள பசங்களுக்கு ஜூனியர் டார்ட்ஸ் கார்ப்பரேஷன்னு ஒண்ணு இருக்கு, அதோட அகாடமிங்க நாடு முழுக்க நடக்குது. போய் ஒரு சனிக்கிழமை உக்காந்து பாருங்க, கோச்சுக்கு டிபிஎஸ் செக், அதாவது கிரிமினல் ரெக்கார்டு இருக்கான்னு பாக்குற செக், ஆயிருக்கான்னு கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல, எந்த ஸ்போர்ட்டுக்கும் கேக்க வேண்டிய கேள்விதான் அது.

மீதிப் பாதி நிஜமான கேள்வி, இதுல சோறு கிடைக்குமா? அதுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும். இந்த ஆட்டத்துல 501ல இருந்து எடுத்த பாயிண்டை கழிச்சுக்கிட்டே வந்து, கடைசி டார்ட் டபுள்ல விழுந்து சரியா பூஜ்யத்துல முடிக்கணும்; ட்ரெபிள்னா அந்த நம்பர் மூணு மடங்கு, டபுள்னா ரெண்டு மடங்கு, புல்னா நட்ட நடு வட்டம், 50, அதுவும் டபுள் கணக்குதான். போன மாசம் கேரியர்ஸ் ஈவ்னிங்ல நீங்க காபி எடுக்கப் போனப்ப நான் அவகிட்ட சும்மா ஒரு கேள்வி கேட்டேன், 121 பாக்கி இருக்கு, கையில மூணு டார்ட், என்ன பண்ணுவேன்னு. யோசிக்கவே இல்ல, "ட்ரெபிள் 20, ட்ரெபிள் 11, டபுள் 14"ன்னா. சரி, முதல் டார்ட் ட்ரெபிள் தப்பி சிங்கிள் 20ல விழுந்துருச்சுன்னா? "101, ட்ரெபிள் 17, புல்." சரி, பக்கத்துல 1ல விழுந்துருச்சுன்னா? "அப்ப 120, ரெண்டு டார்ட்ல முடியாது ஆன்ட்டி, ட்ரெபிள் 20 ஒண்ணு, சிங்கிள் 20 ஒண்ணு போட்டு 40 வெச்சிட்டு வந்துருவேன்." நான் மெதுவா டேபிளுக்கு கீழ போன்ல கணக்குப் போட்டு செக் பண்ணேன், எல்லாம் கரெக்ட். இந்தப் பொண்ணுக்கா மேத்ஸ்ல 9க்கு 5தான் வருதுன்னு சொன்னீங்க? 501ல இருந்து கழிச்சுக் கழிச்சு கடைசில டபுள்ல முடிக்கணும், 2.37 மீட்டர் தள்ளி நின்னுக்கிட்டு, எதிர்ல ஒருத்தி அடிச்சுட்டு இருக்கும்போது. போர்டுல 20க்கு ரெண்டு பக்கமும் 5, 1னு சின்ன நம்பரா இருக்கறதனால, பெரிய நம்பருக்கு ஆசைப்பட்டு கை கொஞ்சம் நடுங்குனா போச்சு. இதை ஆடுறவளுக்கு தலையில மூளை இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க.

இப்ப சோறு விஷயம். நீங்க இருக்கறதே மில்டன் கீன்ஸ்ல, ஃபேலன் ஷெராக் பேரு அவ சொல்லிச் சொல்லி உங்களுக்கே மனப்பாடம் ஆயிருக்கும். 1994ல அதே ஊர்ல பொறந்தவங்க, வீடு வீடாப் போய் முடி வெட்டுற ஹேர்டிரஸ்ஸர் வேலை பாத்தாங்க, 2014ல பையன் பொறந்த பிறகு கிட்னி பிரச்சனை வேற. 2019 டிசம்பர்ல லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸ்ல, பிடிசிங்கற ப்ரொஃபெஷனல் டார்ட்ஸ் அமைப்போட உலக சாம்பியன்ஷிப்ல டெட் எவெட்ஸை 3-2ன்னு ஜெயிச்சாங்க, அந்தப் போட்டில ஒரு ஆம்பளையை ஜெயிச்ச முதல் பொண்ணு அவங்கதான். நாலு நாள் கழிச்சு மென்சுர் சுல்யோவிச், அவரு அப்ப உலகத்துல டாப் லிஸ்ட்ல இருந்த ஆளு, அவரையும் 3-1. கடைசி டார்ட் நட்ட நடு புல்லுல போய் குத்துச்சு, அந்த ஹால் இருந்த இருப்பை யூட்யூப்ல பாருங்க, எனக்கு டார்ட்ஸ் ஒண்ணும் தெரியாத காலத்துலயே மயிர்க்கூச்செறிஞ்சுது. மூணாவது ரவுண்டுல தோத்தாங்க. அதுக்கு கிடைச்சது 25,000 பவுண்ட்.

இதை நல்லாப் பிடிச்சுக்கோங்க அக்கா, ஏன்னா அடுத்த நம்பர் இன்னும் முக்கியம். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2018ல, பிடிஓங்கற இன்னொரு அமைப்போட பெண்கள் உலக சாம்பியன்ஷிப்பை நாலாவது தடவையா லிசா ஆஷ்டன் ஜெயிச்சாங்க, போல்டன் பக்கத்து அம்மா. உலக சாம்பியன், கப்பு, எல்லாம். பரிசு 12,000 பவுண்ட். அதே வாரம் அதே மேடைல ஆம்பளைங்க சாம்பியனுக்கு 1,00,000. அதாவது பெண்கள்ல உலகத்துலயே முதல் இடம் வந்தா 12,000, இன்னொரு போட்டில மூணாவது ரவுண்டுல தோத்தா 25,000. இப்ப பிடிசி உலக சாம்பியனுக்கு 10 லட்சம் பவுண்டாம், அதுல பெண்களும் தகுதி பெற்று ஆடலாம், ஆனா அந்த 10 லட்சத்தை பாத்து கேரியர் பிளான் போடுறது லாட்டரி டிக்கெட்டை பாத்து வீடு வாங்குற மாதிரி. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிருங்க, அவரு ரெண்டு பக்கமும் எக்ஸ்ட்ரீமா பேசுறாருன்னு சொன்னீங்கல்ல.

அப்ப சாம்பியன்களே எப்பிடி வாழ்ந்தாங்க? ட்ரீனா கல்லிவரை பாருங்க. 2001ல பெண்களுக்கு அந்த உலக சாம்பியன்ஷிப் முதல் முதலா ஆரம்பிச்சாங்க, ஆம்பளைங்களுக்கு 1978லயே ஆரம்பிச்சாச்சு, 23 வருஷம் லேட்டு, அதை விடுங்க. ஆரம்பிச்ச வருஷத்துல இருந்து 2007 வரைக்கும் தொடர்ந்து ஏழு தடவை இந்த அம்மாதான் ஜெயிச்சாங்க. அப்புறம் ரெண்டு வருஷம் ஃபைனல்ல தோத்தாங்க, 2010, 2011ல திரும்ப வந்து ஜெயிச்சாங்க, 2016ல 46 வயசுல பத்தாவது. இந்த பத்து தடவை சாம்பியன், முறையா கத்துக்கிட்ட ஒரு கார்பென்டர். மரவேலை! ஊர்ல நம்ம பெரியப்பா கேட்டா "பொம்பளப் புள்ளைக்கு தச்சு வேலையும் ஊசி எறியிற வேலையுமா"ன்னு எந்திரிச்சே போயிருவாரு.

நான் இதை ஏன் இழுக்கறேன்னா, நம்ம வீடுகள்ல "பேக்கப்"ங்கற வார்த்தையை தப்பா பயன்படுத்துறோம். ஸ்போர்ட் ஃபெயில் ஆனா டிகிரி இருக்கட்டும்னு சொல்றோம், பொண்ணு காதுல அது "நீ ஃபெயில் ஆவே"ன்னுதான் விழும். இந்த ஆட்டத்துல கதை வேற மாதிரி, கையில இருக்கற தொழில்தான் என்ட்ரி ஃபீஸ் கட்டும், ட்ரெயின் டிக்கெட் போடும், ரெண்டு ராத்திரி ஹோட்டலுக்குக் குடுக்கும். ஒலிம்பிக்ஸ்ல டார்ட்ஸ் கிடையாது, அதனால ஓட்டப் பந்தயம், சைக்கிளுக்கெல்லாம் வர்ற மாதிரி அரசாங்க காசு வராது. ஸ்பான்சர் பேரு வந்த பிறகுதான் வருவான், அதுவரைக்கும் சட்டையும் டார்ட்டும் நம்ம செலவு. முடி வெட்டுறதாகட்டும் மரவேலையாகட்டும், நேரத்தை நாமளே வளைச்சுக்கலாம், வெள்ளிக்கிழமை மத்தியானம் கெளம்பி திங்கக்கிழமை திரும்பலாம், பாஸ்கிட்ட கெஞ்ச வேண்டாம். அவளுக்கும் அந்த மாதிரி வளையற தொழிலாப் பாக்கணும்.

ஷெட்யூலைச் சொல்றேன். பிடிசில பெண்களுக்குன்னு விமன்ஸ் சீரிஸ் இருக்கு, சமீப வருஷங்கள்ல ஆறு வீக்கெண்ட், ஒவ்வொரு வீக்கெண்டும் நாலு டோர்னமென்ட், மொத்தம் 24. விகன்ல நடக்கும், ஜெர்மனில ஹில்டஸ்ஹைம்ல நடக்கும், உங்க ஊர் மில்டன் கீன்ஸ்லயும் நடந்துருக்கு. இதுல நல்லா ஆடுனவங்களுக்குத்தான் விமன்ஸ் வேர்ல்ட் மேட்ச்ப்ளே, உலக சாம்பியன்ஷிப்புன்னு கதவு திறக்கும். அதாவது வருஷத்துல ஆறு வீக்கெண்ட் காலியா வெச்சுக்கிட்டா போதும், படிப்பை விட வேண்டிய அவசியம் இப்போதைக்கு எங்கயும் இல்ல. டூர் கார்டுங்கறது, அதாவது பிடிசியோட ப்ரொஃபெஷனல் டூர்ல ஆடுற உரிமை, வேற லெவல், ஆம்பளை பொம்பளை எல்லாம் சேத்து 128 பேர்தான், ரெண்டு வருஷத்துக்கு ஒரு கார்டு, வருஷம் பூரா ஓடணும். க்யூ-ஸ்கூல்ங்கற தகுதிப் போட்டி வழியா அதை ஜெயிச்ச முதல் பொண்ணு, 2020ல, மேல சொன்ன அதே லிசா ஆஷ்டன், அப்ப அவங்களுக்கு 49 வயசு. 16 வயசுல கதவு மூடிரும்னு உங்க பொண்ணு பதறுறாளே, அவகிட்ட இந்த 49ஐ சொல்லுங்க.

அவ ரூம்ல போட்டோ ஒட்டிருக்கறது போ க்ரீவ்ஸ்தானே? டான்காஸ்டர் பொண்ணு, 2004ல பொறந்தது, 18 வயசுல டபிள்யூடிஎஃப்ங்கற இன்னொரு அமைப்போட பெண்கள் உலக சாம்பியன், அப்புறம் 2023, 2024லயும் அதே பட்டம். 2025 அக்டோபர்ல உலக யூத் சாம்பியன்ஷிப் செமில, அப்ப பிடிசி உலக சாம்பியனா இருந்த லூக் லிட்லரையே 6-5ன்னு சாய்ச்சுட்டா, ஃபைனல்ல அதே 6-5ல தோத்தா. இதெல்லாம் உங்க பொண்ணுக்கு தெரியும். அவகிட்ட நான் பேச நினைக்கிறது வேற ரெண்டு விஷயம். ஒண்ணு, பிடிசி, டபிள்யூடிஎஃப்னு ரெண்டு உலக சாம்பியன்ஷிப்ல ஏதாவது ஒண்ணுதான் ஆடலாம்னு பிடிசி ரூல் போட்டப்ப, எல்லாரும் அலெக்சாண்ட்ரா பேலஸ் போவான்னு நினைச்சாங்க, அவ லேக்சைடுல நடக்குற டபிள்யூடிஎஃப் பெண்கள் போட்டிதான் இப்ப எனக்குன்னு அங்க போனா. கூட்டமும் கேமராவும் கூப்பிடுற பக்கமே போகணும்னு இல்ல, அந்த வயசுல அந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துது. ரெண்டாவது, டார்ட்டைட்டிஸ். கை மேல போகும், விரல் டார்ட்டை விடாது, அப்பிடியே உறைஞ்சு நின்னுரும், பெரும்பாலும் மனசு சம்பந்தப்பட்டதுன்னு சொல்வாங்க. அஞ்சு தடவை உலக சாம்பியன் எரிக் பிரிஸ்டோவையே அது புடிச்சு உலுக்கிருச்சு, க்ரீவ்ஸும் தனக்கு அது வந்துச்சுன்னு வெளிப்படையா பேசிருக்கா. வீட்ல டென்ஷன் ஏத்துனா இது வரும்னு நான் சொல்லல, அதுக்கு நான் டாக்டர் இல்ல. ஆனா அவ ரூம்ல எறியும்போது கதவுகிட்ட நின்னு பெருமூச்சு விடாதீங்க அக்கா, அது எனக்கு மெசேஜ்லயே கேட்டுச்சு.

இதுல எனக்கும் ஒரு கசப்பு இருக்கு. பல வருஷம் முன்னாடி டேபிள் டென்னிஸ் ஆடுன ஒரு பையனை, முதல்ல ஏ லெவலை, நம்ம ஊர் ப்ளஸ் டூ மாதிரி, அதை முடி, பேட்டை மூட்டை கட்டிவைன்னு நான்தான் உக்கார வெச்சேன். முடிச்சான், மார்க்கும் வந்துச்சு, பேட்டை மட்டும் திரும்ப எடுக்கவே இல்ல, இப்பவும் எங்கயாவது பாத்தா மரியாதையா ஹலோ சொல்லிட்டு வேகமா போயிருவான். அதுக்கப்புறம் யாரையும் "மூட்டை கட்டு"ன்னு சொல்றதில்ல.

சரி, என்ன செய்யலாம். இங்கிலாந்துல 18 வரைக்கும் படிப்பு இல்ல ட்ரெய்னிங், ஏதாவது ஒண்ணுல இருந்தே ஆகணும், அது சட்டம், ஸ்கூலை விட்டுட்டு ஃபுல் டைம் ஆடுறேங்கற சண்டை அதோட முடிஞ்சுது, நீங்க அவகிட்ட கத்த வேண்டாம், என் பேரைச் சொல்லுங்க. ஜிசிஎஸ்இல, 16 வயசுல எழுதுற அந்தப் பரீட்சைல, மேத்ஸும் இங்கிலீஷும் கண்டிப்பா தேறணும், இல்லன்னா 16க்கு அப்புறமும் அதையே திரும்பப் படிக்க வெப்பாங்க, அந்த நேரம் போர்டு முன்னாடி நிக்க வேண்டிய நேரம்னு சொல்லுங்க, உடனே புரிஞ்சுக்குவா. அதுக்குப் பிறகு மூணு ஏ லெவலான்னு நீங்க கேப்பீங்க, எனக்கு அவளுக்கு அப்ரன்டிஸ்ஷிப்தான், அதாவது வேலை பாத்துக்கிட்டே தொழில் கத்துக்கறது, பொருந்தும்னு படுது, அக்கவுண்ட்ஸ் மாதிரி, கைல சம்பளம் வரும், வீக்கெண்ட் அவளுது. ஸ்போர்ட் சயின்ஸ்னு அவ சொல்றது டார்ட்ஸ் பக்கத்துலயே இருக்கணுங்கற ஆசைல சொல்றது, அதுல அவளுக்கு நிஜமா ஆர்வம் இருக்கான்னு எனக்கு சந்தேகம், தப்பா இருந்தா அவளே வந்து என்னோட சண்டை போடட்டும்.

காசுக்கு ஒரு நோட்டு போடுங்க. இந்த வருஷம் இவ்வளவுதான்னு ஒரு தொகையை நீங்களும் அவரும் முடிவு பண்ணி அவ கையில குடுங்க, என்ட்ரி, ட்ரெயின், சாப்பாடு எல்லாம் அவளே எழுதணும். பரிசு வந்தா அதையும் எழுதணும், நாளைக்கு இது தொழிலாச்சுன்னா சொந்தத் தொழில் பண்றவங்க மாதிரி டாக்ஸ் கணக்கு காட்டணும், அப்ப இந்த நோட்டுதான் காப்பாத்தும். அவரு எக்செல் ஷீட் போட்டுத் தர்றேன்னு குதிப்பாரு, வேண்டாம், அவளே போடட்டும், 121ஐ மனசுலயே பிரிக்கிறவளுக்கு இது என்ன பெருசு.

ரெண்டு வாரம் கழிச்சு வியாழக்கிழமை 4 மணிக்கு ஸ்லாட் வெச்சிருக்கேன், மூணு பேரும் வாங்க. முதல் இருபது நிமிஷம் அவளோட தனியா பேசணும், நீங்க ரெண்டு பேரும் கீழ காபி குடிங்க. அப்புறம் அந்த நாலு வெள்ளைச் சுவர்ல ஓட்டை விழுதுன்னு சொன்னீங்கல்ல, போர்டைச் சுத்தி மாட்ட ஒரு வளையம் விக்கும், சரவுண்டுன்னு கேளுங்க, விலை ஜாஸ்தி இல்ல, இந்த வாரமே வாங்கிருங்க.