விடியற்காலை வெந்நீர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நான்கு மாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. நண்பகலில் கைவைக்க முடியாத சூட்டில் நீர் வருகிறது. விடியற்காலையிலோ, கீழ்வீட்டுக் குழாயில் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் போன பிறகே வெந்நீர் தலைகாட்டுகிறது. தகடுகளைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. தாமதமாகவேனும் வெந்நீர் வருகிறது என்றால், தகடுகள் முந்தின நாளே தம் வேலையை முடித்துவிட்டன என்று பொருள். குறை குழாயில் இருக்கிறது. 25 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் மீட்டருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நீர் நிற்கும். தொட்டியிலிருந்து உங்கள் குளியலறை வரை 30 மீட்டர் என்றால், இரவெல்லாம் நின்று ஆறிப்போன சுமார் 15 லிட்டரும் வெளியேறிய பிறகுதான் தொட்டி நீரின் முறை வரும். குழாய்க்கு வெப்பக்காப்பு உறை போடுவது அவசியமே என்றாலும், ஓர் இரவு முழுதும் சூட்டைப் பிடித்துவைக்க அதனால் இயலாது. கீழ்முனையிலிருந்து தொட்டிக்கு ஒரு திரும்புகுழாய் அமைத்து, குளிக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு மட்டும் ஒரு சிறு பம்ப் ஓடுமாறு டைமர் பொருத்துவதே முறையான தீர்வு. அந்தக் குழாயில் ஒருவழி வால்வு கட்டாயம் வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பம்ப் இல்லாத அமைப்புகளில், சூடான நீர் அடர்த்தி குறைந்து தானாகவே மேலேறித் தொட்டியை அடைகிறது. தொட்டி போதிய உயரத்தில் இல்லாவிட்டால், இரவில் இந்த ஓட்டம் திசைமாறி, பகலில் சேர்த்த வெப்பத்தைத் தகடுகள் வழியாகவே வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். நள்ளிரவில் தகட்டின் மேல்முனையிலிருந்து தொட்டிக்குச் செல்லும் குழாயைத் தொட்டுப் பாருங்கள். வெளிக்காற்றைப் போலக் குளிர்ந்திருக்க வேண்டிய அது வெதுவெதுப்பாக இருந்தால், வெப்பம் கசிகிறது என்று கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் கிணற்று நீர் உப்பு நீர். தட்டைத் தகடு நல்லதா, வெற்றிடக் கண்ணாடிக் குழாய் நல்லதா?

பதில்: உப்பு நீர் என்று நாம் சொல்லும் கடின நீருக்கு இரண்டுமே அஞ்சும். சூடு ஏற ஏறக் கால்சியம் கார்பனேட் படிந்து, தட்டைத் தகட்டின் ஒடுங்கிய செப்புக் குழாய்களை அடைத்துவிடும். கண்ணாடிக் குழாய்களில் அடிப்பகுதியில் தங்கும், ஆனால் கழற்றிக் கழுவுவது எளிது. விற்பவர்கள் வகையைப் பற்றியே பேசுவார்கள். நீங்கள் வெப்பப் பரிமாற்றி இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் தகடுகளுக்குள் ஒரே நல்ல நீர் திரும்பத் திரும்பச் சுற்றும்; உப்பு நீர் அங்கே நுழையாது.