தவணை 26,035 ரூபாய் சரி, வீட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகும்?

கேள்வி: கிருஷ்ணகிரி நகராட்சி எல்லைக்குள் 1,050 சதுர அடியில் ஒரு தனி வீடு வாங்கப் போகிறோம். கடன் 30 லட்சம், 20 ஆண்டு, வட்டி 8.5 சதவீதம். தவணை 26,035 ரூபாய் வருகிறது. இப்போது வாடகை 9,000. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், அங்கே வீட்டு வரியும் இன்சூரன்ஸும் தவணையோடு சேர்த்தே வாங்கிவிடுவார்கள் என்கிறார். இங்கேயும் அப்படியா? வங்கியில் 60,000 ரூபாய்க்கு ஒரு இன்சூரன்ஸ் கட்டாயம் என்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: அண்ணன் சொல்வது அங்கே பெரும்பாலான கடன்களுக்குப் பொருந்தும். இங்கே தவணை என்பது அசலும் வட்டியும் மட்டும்தான். மற்றதெல்லாம் நீங்கள் தனியாகக் கட்ட வேண்டும். அவை மாதாமாதம் வராமல் ஆறு மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று என்று வருவதால்தான் பல குடும்பங்கள் முதல் வருடமே திணறிப்போகின்றன.

முதலில் அந்த 60,000. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் பாக்கியை அடைக்கும் ஆயுள் காப்பீடு அது. சட்டப்படி கட்டாயம் இல்லை. கட்டாயம் என்று வங்கியில் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்தப் பணத்தைக் கையிலிருந்து வாங்க மாட்டார்கள், கடனோடு சேர்த்துவிடுவார்கள். அப்போது மாதம் 521 ரூபாய் கூடும். 20 ஆண்டில் அந்த 60,000 கிட்டத்தட்ட 1 லட்சத்து 25 ஆயிரம் ஆகிவிடும். பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பாதிப்பவர் ஒருவர்தான் என்றால் பாதுகாப்பு அவசியம். ஆனால் அதை டேர்ம் இன்சூரன்ஸாக, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான ஆயுள் காப்பீடாக, தனியே எடுங்கள். நாளை கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் பாலிசி உங்களிடமே இருக்கும்.

கட்டடத்துக்கான காப்பீடு வேறு. அதை வங்கி கேட்பது நியாயம்தான். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தருகின்றன. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் இதில் அடங்கும். மனை எரிந்துபோகாது என்பதால் மனை விலையைச் சேர்க்காதீர்கள். திரும்பக் கட்ட ஆகும் செலவை மட்டும் கணக்கிடுங்கள். சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் உங்கள் வீட்டுக்கு 23 லட்சம் போதும். வீட்டுப் பொருட்களுக்கும் அதில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், தானாகவே பாதுகாப்பு உண்டு. மாதக் கணக்கில் 200 ரூபாய் ஒதுக்கி வையுங்கள்.

சொத்து வரி ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் இரண்டு அரையாண்டுகளுக்கு. அந்தந்த முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகை. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் கூடுதல். விற்பவரின் ரசீதை வாங்கி, அதில் எத்தனை சதுர அடிக்கு வரி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மாடியில் பிறகு கட்டிய அறை அதில் சேராமல் இருந்தால், வரி திருத்தும்போது கூடுதல் சுமை உங்கள் தலையில்தான் விழும்.

கரண்ட் பில்லில் 500 யூனிட் என்ற கோட்டை மறக்காதீர்கள். 2022 செப்டம்பர் கட்டணத்தில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால், முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 பாதி விலை. தாண்டினால் அந்தப் பாதி விலை போய்விடும். அந்தக் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,030. பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்! 2024 ஜூலையில் கட்டணம் இன்னும் கொஞ்சம் ஏறியது, அப்போது முறை மாறவில்லை. வாடகை வீட்டில் இல்லாத போர்வெல் மோட்டார் இனி உங்கள் மீட்டரில் ஓடும். ஏப்ரல், மே மாதங்களில் ஏசியும் சேர்ந்தால் கோட்டைத் தாண்டுவது சுலபம்.

தண்ணீரை நம் பக்கத்தில் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில், பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். வீட்டுக்கு அந்தக் குடிநீர் இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். போர்வெல் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்றால், முன்பணம் கொடுக்கும் முன்பே குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. அப்புறம் ஆர்.ஓ. மெஷினும் அதன் ஃபில்டர் செலவும், இல்லையென்றால் கேன் தண்ணீரும் மாதக் கணக்கில் ஏறும்.

செப்டிக் டேங்க், மோட்டார் ரிப்பேர், மாடி ஒழுகல் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் 1,500 ஒதுக்குங்கள். எல்லாம் சேர்த்து, தவணைக்கு மேல் மாதம் 3,500 முதல் 4,000 வரை ஒரு தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். வட்டிக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும் என்று நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். புதிய வரி முறையில் சொந்தக் குடியிருப்புக்கு அது கிடையாது.

பத்திரப்பதிவுக்கு முன் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கரண்ட் மூன்றுக்கும் கடைசி ரசீதை விற்பவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு முடிந்ததும் மூன்றிலும் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். பட்டாவையும் விட்டுவிடாதீர்கள்.