குற்றப்பத்திரிகையா, குற்றச்சாட்டா? பாளையங்கோட்டை வக்கீல் பதில்கள்

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, மச்சான் மேல் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. ஊரில் குற்றவாளி என்றே பேசுகிறார்கள்.

விஷயம் தெரியாமல் பேசுகிறார்கள். விசாரணை முடிந்து போலீஸ் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பும் இறுதி அறிக்கைதான் அது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 173. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் பிரிவு 193. இன்னார் செய்ததாகத் தெரிகிறது, சாட்சிகள் இவர்கள் என்று போலீஸ் சொல்கிறது, அவ்வளவுதான். இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை வரக்கூடிய வழக்கென்றால், நீதிபதி இரு தரப்பையும் கேட்டு, முகாந்திரம் இருந்தால்தான் குற்றச்சாட்டு வனைவார், அதாவது முறைப்படி எழுதுவார். அதை வாசித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். முகாந்திரம் இல்லையென்றால் அங்கேயே விடுவித்துவிடலாம். முதலில் நகலை வாங்கச் சொல்லுங்கள். அறிக்கை, சாட்சி வாக்குமூலம் எல்லாம் இலவசமாகவே தர வேண்டும்.

சங்கரன்கோவில்: எஃப்.ஐ.ஆர்.தானே குற்றப்பத்திரிகை?

இல்லை. அது விசாரணையின் தொடக்கம், இது முடிவு.

நாங்குநேரி: அமெரிக்கச் செய்திகளில் 'இன்டைட்மென்ட்' என்கிறார்களே?

முறைப்படி எழுதிய குற்றச்சாட்டுக்கு அங்கே அதுதான் பெயர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். லத்தீன் வேருக்கு, சொல்லி எழுத வைப்பது என்று பொருள். லத்தீனைப் பார்த்துப் பிற்பாடு நடுவில் ஒரு 'சி' சேர்த்தார்கள்; உச்சரிப்பு மாறவில்லை. அமெரிக்காவில் கிராண்ட் ஜூரி என்ற குடிமக்கள் குழு அதைப் பிறப்பிக்கும். இங்கிலாந்தில் அந்தக் குழுவை 1933-ல் ஒழித்தார்கள்.

மேலப்பாளையம்: போலீஸ் எழுதியதைத்தானே நீதிபதி அப்படியே எழுதுகிறார்? எல்லாம் சடங்கு.

ஒப்புக்கொள்ளவே மாட்டேன். போலீஸ் போட்ட பிரிவை நீதிபதி மாற்றலாம், நீக்கலாம், தீர்ப்புக்கு முன்னால் புதிதாகச் சேர்க்கவும் செய்யலாம்.

தூத்துக்குடி: மேலப்பாளையத்தார் சொல்வதே சரி. தீர்ப்புதான் முக்கியம், குற்றச்சாட்டில் என்ன இருக்கிறது?

உங்கள் ஊர்க்காரர் வழக்கையே பாருங்கள். 1908-ல் திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டில் வ.உ.சி. மேல் ராஜத்துரோகப் பேச்சுக்கு ஒன்று, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு ஒன்று என இரண்டு குற்றச்சாட்டு. நீதிபதி பின்ஹே ஒவ்வொன்றுக்கும் ஆயுள் நாடுகடத்தல், அதாவது 20 ஆண்டு போட்டார். 40 ஆண்டு என்று நாம் சொல்லும் கணக்கு அப்படி வந்தது. பிற்பாடு மேல்முறையீட்டில் குறைந்தது. ஒரு குற்றச்சாட்டு கூடினால் ஒரு மனுஷனின் ஆயுளில் பாதி போகும். இதையா சடங்கு என்கிறீர்கள்?

தென்காசி: குற்றப்பத்திரிகை போட்டால் தண்டனை உறுதிதானே?

முதல் பதிலையே படியுங்கள். நகல் வாங்கினீர்களா, இல்லையா?

களக்காடு: தம்பி சிறைக்குப் போய் 90 நாள் தாண்டிவிட்டது. இன்னும் தாக்கல் செய்யவில்லை.

மரணம், ஆயுள், 10 ஆண்டுக்குக் குறையாத தண்டனை உள்ள வழக்குக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள் கெடு. சில தனிச் சட்டங்களில் கூடும். கெடு தாண்டினால் ஜாமீன் அவர் உரிமை. ஆனால் தானாக வராது. அறிக்கை தாக்கலாவதற்கு முன்பே மனுப் போட்டிருக்க வேண்டும். இன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.