ஸ்பீக்கர் வாடகை பிடிக்கிறார்கள், திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கரை 'ஃப்ரீ' என்று சொல்லி ஏஜென்ட் ஒருவர் வைத்துவிட்டுப் போனார். இப்போது மாதம் 147 ரூபாய் 50 காசு பிடிக்கிறார்கள். யூபிஐ-யில் வரும் பணத்துக்கே கமிஷன் உண்டு என்றும் சொல்கிறார்கள். அதே ஏஜென்ட் 50,000 ரூபாய் கடன் தருகிறாராம். ஆறு மாதம் தினமும் பிடித்து 55,000 எடுப்பார்களாம். என்ன செய்ய?

பதில்: கமிஷன் பயத்தை முதலில் விடுங்கள். வாடிக்கையாளர் தன் வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ-யில் அனுப்பும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. 2020 ஜனவரியிலிருந்து இதுதான் சட்டம்.

ஒரு விலக்கை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ரூபே கிரெடிட் கார்டை யூபிஐ-யில் இணைத்து ஒருவர் ஸ்கேன் செய்தால், அது வங்கி அவருக்குக் கொடுத்த கடன் பணம். அதற்குக் கட்டணம் உண்டு. சிறு கடைகளுக்கு 2,000 ரூபாய் வரை அதுவும் கிடையாது. விசேஷ வீட்டுக்காரர் ஒருவர் 6,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கி அந்தக் கார்டில் கட்டினால் பிடிப்பார்கள். வசூல் குறைந்து வந்தால் அந்த ஒரு பில்லைத் தேடிப் பாருங்கள்.

சரி, 147.50 எங்கிருந்து வந்தது? வாடகை 125, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 22.50. அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது; அதற்கு மாதாமாதம் செலவு. யூபிஐ-யில் கட்டணம் வாங்க வழியில்லை, அரசு தரும் ஊக்கத்தொகை போதவில்லை. ஆகவே கம்பெனிகள் வாடகையிலும் கடனிலும்தான் சம்பாதிக்கப் பார்க்கின்றன. உங்கள் அன்றாட வசூல் அவர்களுக்கு அத்துப்படி. அதை வைத்துத்தான் கடன் தர வருகிறார்கள்.

அந்தக் கடனை வாங்காதீர்கள். 'பத்து சதவீத வட்டிதான்' என்பார்கள். தினம் 306 ரூபாய் திரும்பப் போய்க்கொண்டே இருப்பதால், சராசரியாக உங்கள் கையில் நிற்பது 25,000 ரூபாய்தான். அதற்கு ஆறு மாதத்தில் 5,000 வட்டி என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 40 சதவீதம்! உண்மையான வருட வட்டியைக் காட்டும் விவரத்தாளைக் கடனுக்கு முன்பே கொடுக்க வேண்டும், அதுவும் உங்களுக்குப் புரியும் மொழியில். 2024 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி இது. ஆனால் நடப்பது என்ன? உங்கள் ஃபோனையே வாங்கி, ஆங்கிலத்தில் நாலு பக்கம் தள்ளிவிட்டு, ஓடிபி கேட்கிறார்கள். விதியைப் போட்டவர்கள் ஒரு நாள் கடைத்தெருவுக்கு வந்து பார்க்கட்டும். ஃபோனை எந்த ஏஜென்ட் கையிலும் கொடுக்காதீர்கள்.

ஸ்பீக்கரை வைத்துக்கொள்வதா? சாயங்காலக் கூட்டத்தில் தனியாக நிற்கிறீர்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். 'அனுப்பிவிட்டேன்' என்று போலி ஸ்க்ரீனைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாலு கிலோ அரிசி போனால் ஒரு மாத வாடகைக்கு மேல் நஷ்டம். ஆனால் ஒரே ஒரு ஸ்பீக்கர் போதும். எந்த ஆப்பிலிருந்தும் அதே க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்யலாம். கூட்டமில்லாத கடைக்கு வங்கி எஸ்எம்எஸ்ஸே போதும்.

திருப்பிக் கொடுப்பதென்றால் பெட்டியை ஏஜென்டிடம் நீட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ரசீது வாங்குங்கள், அப்புறம் யூபிஐ ஆப்பில் ஆட்டோபே (மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் அனுமதி) இருந்தால் ரத்து செய்யுங்கள். அதன் பிறகும் பிடித்தால் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். விவரம் கேட்க 14448.