சியாம் ரீப் அனாதை இல்லத்துக்குப் பிள்ளைகளோடு போகலாமா?

கம்போடியாவில் அங்கோர்வாட் போகும்போது பக்கத்து ஊரான சியாம் ரீப்பில் ஓர் அனாதை இல்லத்தில் உங்கள் பிள்ளைகளோடு அரைநாள் இருந்து நோட்டுப் புத்தகம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல மனசோடு கேட்கிறீர்கள். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கம்போடிய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் காசு கொடுக்கக் கொடுக்க, படிக்க வைக்கிறோம் என்று சொல்லி ஏழை வீடுகளிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவருவதும் பெருகியது. சுற்றுலா வந்தவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் ஆடிக்காட்ட வேண்டும், சிரிக்க வேண்டும். மறுநாள் வேறு முகங்கள். முன்பின் தெரியாதவர்களை நம் பிள்ளைகளின் விடுதிக்குள் இப்படி விடுவோமா?

பதிலாக அங்கே ஃபார் சர்க்கஸ் பாருங்கள். அகதி முகாமிலிருந்து திரும்பிய இளைஞர்கள் 1994-இல் பட்டம்பாங் நகரில் தொடங்கிய கலைப்பள்ளியில் பயின்றவர்கள் நடத்துவது. வருமானத்தில் ஒரு பங்கு அந்தப் பள்ளிக்கே போகிறது. விலங்குகள் கிடையாது, எல்லாம் மனித உடம்பின் வித்தை. உங்கள் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். கண்ணிவெடியை மோப்பம் பிடிக்கும் எலிகளை அபோபோ என்ற தொண்டு நிறுவனத்தின் மையத்தில் காட்டுங்கள். போர் முடிந்த பிறகும் நிலத்துக்குள் என்ன மிச்சமிருக்கிறது என்று அவர்களே கேட்பார்கள்.

கோயில் வாசலில் சிறுவர்கள் விற்கும் அஞ்சலட்டையை வாங்காதீர்கள், விற்பனை நடக்கும்வரை அவர்களைப் பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள். பெரியவர்கள் நடத்தும் கடையில் வாங்குங்கள்.