1944 முதல் 1953 வரை: மீட்பு ஹெலிகாப்டர்கள் பற்றிக் கேளுங்கள்

பர்மாவிலிருந்து கொரியா வரை, எதிரிப் பகுதியில் விழுந்த விமானிகளைத் தூக்கி வந்த ஹெலிகாப்டர்கள் மட்டும்தான் இங்கே பேச்சு. ஒரு வேண்டுகோள்: ஹெலிகாப்டர்களின் விவர அட்டவணையில் இருக்கும் எடையையும் தூரத்தையும் அப்படியே நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அவை கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்துக்கான எண்கள்.

கடலோடி: போர்முனையில் ஹெலிகாப்டர் ஆளை மீட்டது முதலில் எங்கே?

பர்மாவில், 1944 ஏப்ரலில். அமெரிக்காவின் முதலாம் ஏர் கமாண்டோ பிரிவின் எல்-1 சிறு விமானம், காயம்பட்ட 3 பிரிட்டிஷ் வீரர்களோடு ஏப்ரல் 21 அன்று ஜப்பானியர் பகுதிக்குள் விழுந்தது. விமானி எட் ஹ்லாடோவ்சாக். பக்கத்தில் விமானம் இறங்க இடமே இல்லை. அசாமின் லாலாகாட் தளத்தில் இருந்த சிகோர்ஸ்கி ஒய்ஆர்-4பி ஹெலிகாப்டர் ஒன்றை லெப்டினன்ட் கார்ட்டர் ஹார்மன் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரே தாவலில் போகிற வண்டி இல்லை அது. வடபர்மாவின் டாரோ வரை இறங்கி இறங்கிப் போய், அங்கே எல்-5 விமானத்தின் பெட்ரோல் தொட்டி ஒன்றைக் கூடுதலாகப் பொருத்திக்கொண்டு, மலையைத் தாண்டி 'அபர்டீன்' என்ற காட்டு ஓடுதளத்துக்கு 25ஆம் தேதி வந்து சேர்ந்தார்.

வேலை நடந்த விதம்தான் முக்கியம். காட்டு வெளியிலிருந்து ஆற்று மணல்திட்டு வரை ஹெலிகாப்டர், ஒரு தடவைக்கு ஓர் ஆள். திட்டிலிருந்து அபர்டீனுக்குச் சிறு விமானம். முதல் நாள் 2 பேர் வந்ததும் எஞ்சின் கொதித்துவிட்டது. இரவு மணலிலேயே கழிந்தது. 26ஆம் தேதி மூன்றாவது வீரர், கடைசியாக ஹ்லாடோவ்சாக்.

பொறியியல் மாணவி: எஞ்சின் ஏன் கொதித்தது, சார்?

வார்னர் ரேடியல் எஞ்சின், 180 குதிரைத்திறன், காற்றால் குளிர்வது. விமானத்தில் அது மூக்கிலிருந்து எதிர்காற்றை வாங்கும். இங்கே இருக்கைகளுக்குப் பின்னால், உடலுக்குள் அடைபட்டு, ஒரு மின்விசிறி போன்ற குளிர்விசிறியை நம்பி உட்கார்ந்திருக்கிறது. அந்தரத்தில் நிற்கும்போது எதிர்காற்றும் இல்லை, த்ராட்டிலும் முழுசாகத் திறந்திருக்கும். சூடு ஏறினால் சக்தி இறங்கும், ரோட்டரின் (மேலே சுழலும் இறகுத்தொகுதியின்) சுற்று குறையும். உயரம் இழக்கிறோமே என்று விமானி இடதுகை நெம்பை இன்னும் தூக்கினால் இறகின் சாய்வு கூடி, சுற்று மேலும் விழும். மரத்துக்கு மேலே இது நடந்தால் மீள வழியில்லை.

வாதாடி: அட்டவணைப்படி காலி எடை 950 கிலோ, உச்ச எடை 1,170. 220 கிலோ தூக்குமே! 2 பேரை ஏற்றியிருக்கலாம்.

மேலே என்ன சொன்னேன்? சரி, போட்டுப் பார்ப்போம். உடுப்போடு விமானி 75 கிலோ. 100 லிட்டர் பெட்ரோல் 72 கிலோ. மிச்சம் 73: ஓர் ஆள். அதோடு அட்டவணையின் கொள்ளளவு தீர்ந்தது. இனி வெப்பம். 35 டிகிரியில், கடல்மட்டத்திலேயே காற்று சுமார் 730 மீட்டர் உயரத்துக் காற்றைப் போல லேசாகிவிடும். எஞ்சின் 14 குதிரைத்திறன் அளவுக்கு இழக்கும். ரோட்டருக்கோ லேசான காற்றில் கூடுதல் சக்தி வேண்டும். இரு பக்கமும் அடி.

வாதாடி: பெட்ரோலைக் குறைத்தால்?

குறைக்கலாம். குறைத்தது இரண்டாவது ஆளுக்கு ஈடாகாது. அந்தரத்தில் நிற்கத் தேவையான சக்தி, எடைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. எடையின் ஒன்றரை அடுக்கில் ஏறும். 70 கிலோ கூடினால் எடை 6 சதவீதம், சக்தி 9 சதவீதம். சுமார் 16 குதிரைத்திறன். வெப்பம் ஏற்கெனவே 14ஐ விழுங்கிவிட்டது.

சித்தாள்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஓடி எழும்பினால் சக்தி குறைவாகப் போதுமே? வாதாடி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இது நல்ல கேள்வி. முன்னோக்கி மணிக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் வேகம் வந்தாலே ரோட்டருக்குப் புதுக் காற்று கிடைத்து, தேவைப்படும் சக்தி சட்டென்று குறையும். தரைக்கு அருகில், ரோட்டர் விட்டத்தின் பாதி உயரத்துக்குள் இருந்தால் தரையே கொஞ்சம் தாங்கும். ஒய்ஆர்-4பியின் ரோட்டர் 11.6 மீட்டர் விட்டம். நீளமான மணல்திட்டில் ஓட இடம் உண்டு, அங்கே உங்கள் வாதம் செல்லும். ஆட்கள் கிடந்தது மரம் சூழ்ந்த வெளியில். அங்கே செங்குத்தாகத்தான் ஏற வேண்டும், தரையின் தாங்கலும் சில மீட்டரில் போய்விடும்.

வாதாடி: ஜெர்மனியின் ஃபா 223 ஹெலிகாப்டருக்கு 1,000 குதிரைத்திறன். அமெரிக்கர்களைவிட அவர்கள்தான் முன்னால்.

இயந்திரமாகப் பார்த்தால் ஆம், பல மடங்கு பெரியது. பிரெமன் தொழிற்சாலை குண்டுவீச்சில் போயிற்று, லாவ்ப்ஹைமுக்கு மாற்றினார்கள், அதுவும் போயிற்று. விரல்விட்டு எண்ணும் அளவில்தான் பறந்தன. ஆர்-4 வகை (நம் ஒய்ஆர்-4பியும் அதில் சேர்த்தி) நூற்றுக்கும் மேல் கட்டப்பட்டுக் களத்துக்கு வந்தது. இந்த விவாதத்தை இத்தோடு விடுங்கள்.

பசுமலை: ஏன் இரண்டு பேரை ஏற்றவில்லை?

மேலே.

நெய்தல்: கயிறு விட்டுத் தூக்கியிருக்கலாமே அண்ணா?

அந்த வண்டியில் கயிற்றுத் தூக்கி இல்லை. ஹெலிகாப்டரின் கயிற்றுத் தூக்கியால் உயிர் காத்த முதல் நிகழ்ச்சி 1945 நவம்பர் 29: அமெரிக்காவின் கனெக்டிகட் கரையில் புயலில் மாட்டிய ஒரு படகிலிருந்து 2 பேரை ஆர்-5 ஹெலிகாப்டர் தூக்கியது.

கூலவாணிகன்: கொரியாவில் எச்-5 ஹெலிகாப்டரில் பறப்பது கடினம் என்கிறார்களே?

எஞ்சின் 450 குதிரைத்திறன், பலம் பரவாயில்லை. தொல்லை எடைச் சமநிலையில். விமானி முன்னால் தனியாக, பயணிகள் பின்னால். சமநிலைப் புள்ளி நகர அனுமதித்த இடம் மிகக் குறுகல். அதனால் எடைக்கட்டிகளை ஏற்றிப் போய், ஆள் ஏற ஏற இடம் மாற்றுவார்கள். மாற்ற மறந்தால், வலதுகைப் பிடியை எல்லைவரை தள்ளியும் மூக்கு நேராகாது. பின்னால் வந்த எச்-19 ஹெலிகாப்டர் இதைத் தீர்த்தது: எஞ்சின் மூக்கில், பயணிகள் அறை ரோட்டருக்கு நேர் கீழே. யார் ஏறினாலும் புள்ளி அதிகம் நகராது.

செவ்வாழை: கீழே விழுந்த விமானி என்ன செய்ய வேண்டும்?

பாராசூட்டைச் சுருட்டிக் கல் வையுங்கள். அவிழ்ந்த துணி ரோட்டர் காற்றில் எழும்பினால் இறகைச் சுற்றும், எல்லாருக்கும் முடிவு. புகை விடுங்கள்: இடம் தெரிய மட்டுமில்லை, காற்று எந்தப் பக்கம் என்று ஹெலிகாப்டர்காரருக்குத் தெரியவும். அவர் காற்றை எதிர்த்துத்தான் இறங்குவார். முன்னாலோ பக்கவாட்டிலோ, அவர் கண்ணில் படும்படி போக வேண்டும். வால்பக்கம் போகவே கூடாது. சரிவில் என்றால் தாழ்ந்த பக்கத்திலிருந்து மட்டும். தூக்கியின் வார்ப்பட்டை தொங்கி வந்தால் அது முதலில் தரையையோ நீரையோ தொடட்டும், இல்லையென்றால் நிலைமின்சாரம் உங்களை அடிக்கும். வார்ப்பட்டைக்குள் நுழைந்ததும் கைகளைக் கீழே இறுக்கி வையுங்கள். கையை உயர்த்தினால் வழுக்கி விழுவீர்கள்.

தென்றல்: பாதுகாப்பு விமானங்கள் இல்லாமல் போனதுண்டா?

1951 ஜூலை 3, கொரியா. அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் கெல்ஷ் எச்ஓ3எஸ் ஹெலிகாப்டரில், வீழ்த்தப்பட்ட விமானி கேப்டன் வில்கின்ஸை மீட்க மேகத்துக்குக் கீழே இறங்கினார். மேகமூட்டத்தால் துணை விமானங்களால் கூட வர முடியவில்லை. வில்கின்ஸைத் தூக்கும்போதே ஹெலிகாப்டர் சுடப்பட்டு விழுந்தது. உதவியாளர் ஜார்ஜ் நீலும் சேர்த்து மூவரும் 9 நாள் ஒளிந்திருந்து பிடிபட்டார்கள். கெல்ஷ் சிறையில் இறந்தார். அமெரிக்காவின் உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்ற முதல் ஹெலிகாப்டர் விமானி அவர். அசையாமல் அந்தரத்தில் நிற்கும் வண்டியைச் சுடுவது எளிது. மேலே காவல் இல்லாமல் தூக்கியை இறக்காதீர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

யாழ்வாசி: உலங்கு வானூர்தி என்று எழுதினால் என்ன?

தாராளமாக எழுதுங்கள்.

ரிமோட்ராஜா: 5,000 ரூபாய்க்குள் நல்ல பொம்மை ஹெலிகாப்டர்?

பொம்மை இழைக்குப் போங்கள், தம்பி.

மெக்கானிக்: துணி போர்த்திய இறகுகளை எப்படிச் சமன் செய்தார்கள்?

இரும்புக் குழாய், மரச் சட்டங்கள், மேலே துணி. ஈரம் குடித்தால் ஓர் இறகு கனக்கும், மணல் விளிம்பை அரிக்கும், அதிர்வு தொடங்கும். ஒவ்வோர் இறகின் நுனியிலும் வேறு நிறச் சுண்ணாம்பு தடவி, ரோட்டரைச் சுற்றவிட்டு, கழியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணியை நுனிப்பாதையில் மெல்லச் சாய்ப்பார்கள். மூன்று நிறமும் ஒரே இடத்தில் விழுந்தால் சரி. ஒன்று மேலே விழுந்தால் அந்த இறகின் இணைப்புத் தண்டைக் கொஞ்சம் திருகிச் சாய்வைக் குறைத்து, மறுபடி சுண்ணாம்பு, மறுபடி துணி. கழியைச் சட்டென்று உள்ளே தள்ளினால் கழி உங்கள் மேலேயே பறந்து வரும்.

பசுமலை: ஆனால் இரண்டு பேர் ஒல்லியாக இருந்தால்?

வாதாடியைக் கேளுங்கள்.